இடது கால் மிதி

வேளாங்கண்ணி மாதா மேல் கை வைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடக் கட்டியது இல்லை. இருந்தால், வருகிற மழைக்கு என் கம்பளிக்குள் அட்டை புகட்டும்.

1974, ஜூலை. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பழைய துரை இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பங்களாவுக்குக் காவல்காரன் தேவை. பகல் காவல்தான், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், தொழிலாளர் லயத்தில் தனி வீடு. எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவனும் பத்து நாள் தாண்டவில்லை.

எனக்கு அந்த வீடு வேண்டும். நானும் என் பெண்டாட்டி கத்தரீனாளும் அவள் அண்ணன் அமிர்தநாதனின் ஒற்றை அறையில், குறுக்கே ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு குடியிருந்தோம். மொத்தம் ஒன்பது தலை.

“தொண்ணூறு நாள் பாப்பேன். வீடு வரலன்னா நான் போடிக்குப் போயிருவேன். நீங்க எங்கண்ணங்கூடவே குடும்பம் நடத்துங்க” என்றாள். டிரங்குப் பெட்டியில் துணியும் அடுக்கிவிட்டாள்.

காவலோடு இன்னொரு வேலையும் உண்டு. துரை சேர்த்த இசைத்தட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மலையில் மழை பிடித்தால் செருப்பு முதல் ஜெபப் புத்தகம் வரை பூஞ்சை ஏறும். தட்டுகளைத் துடைத்து, கணப்பு பக்கம் காயவைத்து, ஒருமுறை ஓடவிட வேண்டும். ஊசி ஓடினால்தான் வரிக்குள் இருக்கிற பூஞ்சை போகும் என்று சொல்லித் தந்தவர் சுவக்கீன் அண்ணாச்சி. துரைக்கு இருபது வருடம் பட்லராக இருந்தவர்.

எல்லாத் தட்டிலும் ஒரே வாத்தியம். கிடத்தி வைத்த கிதார். உறையின் மேல் துரை பென்சிலால் வருடம் எழுதியிருந்தார். நான் பழையதிலிருந்து தொடங்கினேன்.

1920களின் தட்டுகளில் கம்பிகள் எல்லாம் சேர்ந்தே வழுக்கின. கைகோத்துக்கொண்டு சரிவில் இறங்கும் பிள்ளைகள் மாதிரி. முப்பதுகளின் கடைசியில் வாத்தியத்தில் கரண்ட் ஏறியது. அழுகை நீண்டது. 1954இல் ஒன்று நடந்தது. ஒரு கம்பி நின்ற இடத்திலேயே நிற்க, பக்கத்துக் கம்பி மட்டும் தனியே மேலே ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மாதத்தில் ஐம்பது வருடச் சரித்திரத்தை உட்கார்ந்தபடியே கேட்டு முடித்தேன்.

ஒன்றுதான் இடித்தது. தட்டு ஓடும்போது அடியில் ஒரு சின்னச் சத்தம். க்ரீக்... டக். க்ரீக்... டக்.

அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“அது கால்மிதி வே. மிதிச்சா ஒரு கம்பி மட்டும் இழுத்துக்கிடும். அதான் தனியா ஏறுது.”

“இருபத்தேழாம் வருசத் தட்டுலயும் கேக்குதே அண்ணாச்சி.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப மடியில வச்சுல்லா வாசிச்சான். மிதி ஏது?”

“பின்ன அது என்ன?”

“தொரை ஒரு மிதி கிதாருக்கு எழுதிப் போட்டாரு. கப்பல்ல கொச்சி வந்து சேந்தப்ப அவரைப் பொதைச்சு ஏழு நாளு. பெட்டிய ஒருத்தரும் பிரிக்கல. அந்த ரூம்லதான் கெடக்கு. நீரு அதுமேலதான் சோத்துவாளிய வைக்கிறீரு.”

மறுநாள் வாளியைத் தரையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. மதியம் 3.10. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு. எதிரே இருந்த சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. 1927ஆம் வருடத் தட்டை மறுபடி போட்டேன்.

க்ரீக்... டக்.

3.17. கரண்ட் போனது. பாட்டு இழுத்து... இழுத்து... நின்றது.

க்ரீக்... டக்.

அது நிற்கவில்லை.

தட்டைப் பார்த்தேன். அசையவில்லை. பெட்டியைப் பார்த்தேன். நாலு பக்கமும் ஆணி. மேலே கொச்சித் துறைமுகத்து முத்திரை.

க்ரீக்...

உள்ளே ஒரு கம்பி முனகியது. அது அப்படியே நிற்க... இன்னொன்று தனியே ஏறியது.

ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது.

கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

வெளியே போனால் அந்தச் சேலைத் தடுப்பு. உள்ளே இது. யோசித்தேன். பேய்க்கு மச்சினன் இல்லை. அவன் பிள்ளைகளும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

3.31.

டக்.

அதோடு நின்றது.

அதன் பிறகு தினமும் 3.17க்கு வந்தது. நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு, ஐந்து மணி வரை இருந்தேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

தொண்ணூறாம் நாள் புதிய துரை வந்தார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். சுவக்கீன் அண்ணாச்சி கடப்பாரை போட்டு நெம்பினார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் புத்தம் புது வாத்தியம், பட்டறை எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. கம்பிகள் இன்னும் மாட்டப்படவே இல்லை. காகித உறைக்குள் சுருட்டியபடி கிடந்தன.

மிதிகள் மூன்று. வலது புதுசு. நடு புதுசு. இடது மட்டும், முப்பது வருடம் ஓடிய தையல் மிஷின் மிதி போல, நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது.

அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார். புதிய துரை பெட்டியை மறுபடி ஆணி அடிக்கச் சொல்லிவிட்டு, என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கத்தரீனாள் டிரங்குப் பெட்டியை எங்கள் சொந்த வீட்டில் இறக்கினாள்.

மூன்று ஆம்பிளைகள் ஓடிய பங்களாவில் நான் மட்டும் எப்படி நிலைத்தேன் என்று இன்றும் கேட்கிறார்கள். என் தைரியத்தைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. அதோடு குண்டூசி குத்தியிருந்தது டாக்டர் தந்த சீட்டு: 1968 முதல் எனக்கு இரண்டு காதும் முழுச் செவிடு.