எங்கப்பாவின் முகம் அவள் கேமராவில்

பொறாமை இல்லாத போட்டோகிராஃபர் என்று எவனாவது தன்னைச் சொல்லிக்கொண்டால் நம்பாதீர்கள். அடுத்தவன் எடுத்த நல்ல படத்தைப் பார்த்ததும் நாங்கள் முதலில் கேட்பது "என்ன லென்ஸ்?" என்றுதான். படம் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனசு வராது. லென்ஸ் நல்ல லென்ஸ் என்று சொல்லிவிட்டால் எடுத்தவனைப் பாராட்ட வேண்டியதில்லை, பாருங்கள். கோலார் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில் இருபது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று படம் எடுக்கிறவன் நான். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் அதிகம்.

என் வயிற்றெரிச்சல் ஒரு பெண்ணின் மேல். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அவள் அப்பா அங்கே இன்ஜினியர். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். அவர்களுக்கு முன்னால் தோட்டம் வைத்த வீடு, எங்களுக்குச் சுரங்கத் தொழிலாளர் லைனில் தகரக்கூரை வீடு. சில வருஷம் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வந்து வேலை பார்த்தவள், ஒருநாள் அதை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டாள். அதுவும் என்ன கேமரா? யாரோ ஓட்டித் தேய்த்த பழைய பாடி, ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று, ஒரே ஒரு ஃப்ளாஷ். என்னிடம் பாடி இரண்டு, லென்ஸ் மூன்று, குடை போட்ட ஸ்டாண்டு லைட் இரண்டு. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பொட்டு வைக்க ஒரு மேசை போதாது.

ஆனாலும் ஊரில் பேச்சு வேறுமாதிரி இருந்தது. "அந்தப் பொண்ணு எடுத்தா நம்ம மூஞ்சி நம்ம மூஞ்சியாவே கீதுபா" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற நம் ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான்தான் எடுக்கப்போகிறேன் என்று பேட்டரியெல்லாம் சார்ஜ் போட ஆரம்பித்துவிட்டேன். அக்கா வந்து நின்றாள்.

"நீ தாய்மாமன்டா. நீ கேமராவ தூக்கினு சுத்துனா சபையில யாரு நிக்கிறது? மாலை யாரு போடறது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், உன் வேலைய நீ பாரு."

கூடப் பிறந்தவள் சொன்ன சொல் இது! தாய்மாமன் சீரை விட்டுக்கொடுத்தால் சாதிசனம் சும்மா விடுமா? பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், மணமேடையில் நின்றேன். கண் மட்டும் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

இங்கே எங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் நான் எடுத்த ஒரு படத்தில்கூட அவர் முகம் இல்லை. கேமராவைத் தூக்கி, குறி பார்த்து, அமுக்குகிற அந்த நொடியில் தலையைக் குனிந்துவிடுவார். படத்தில் வழுக்கை விழும், புருவம் விழும், கண் விழாது. "தலைய தூக்குப்பா!" என்று கத்துவேன். தூக்குவார். மறுபடி அமுக்கினால் மறுபடி குனிவார். நான் தொழிற்சாலையில் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். மகன் கேமரா பிடிக்கிறான் என்கிற வெட்கத்தில்தான் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எனக்குள்ளேயே முடிவு கட்டி வைத்திருந்தேன். சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் இறங்கி ரொம்ப நாளாயிற்று. இப்போது பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். அப்பா போவதற்குள் என்னைப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

மண்டபத்தில் அவள் வேலை செய்த விதத்தைக் குறை சொல்லத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ளாஷை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்கவில்லை. அதன் தலையைத் திருப்பி வெள்ளைச் சுவரிலோ மேல்தளத்திலோ அடித்தாள். வெளிச்சம் அங்கே பட்டு, விரிந்து, மெதுவாக முகத்தில் இறங்கியது. இது எனக்குத் தெரியாத வித்தையா? எல்லோருக்கும் தெரியும். நேராக அடித்தால் முகம் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி பளபளக்கும், பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழும். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் மேலே தகரம், சுவரெல்லாம் நீலம். நீலச் சுவரில் அடித்தால் மணப்பெண் நீலமாக வருவாள். அதனால் நேராக அடித்தே பழகிவிட்டேன், மண்டபத்திலும் கை அப்படியே போனது. "ஸ்வல்ப இந்தப் பக்கம் திரும்புங்கம்மா" என்று அவள் பாதிக் கன்னடத்தில் சொன்னால் திரும்புகிறார்கள். இதே அத்தைமார்கள் என்னிடம் "சீக்கிரம் எடுப்பா, காலு நோவுது" என்பார்கள். மாலையைக் கையில் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் பார்த்தால் எங்கப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கேமரா மடியில். அவர் ஏதோ சொல்கிறார், அவள் தலையாட்டுகிறாள். ரொம்ப நேரம் அப்படியே. வேலை நேரத்தில் அரட்டையைப் பார் என்று நினைத்தேன்.

படங்கள் மறுநாள் காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தன. ஏழாவது படம் எங்கப்பா. நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, கண் சுருங்கச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லாததுகூடத் தெரிகிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. உடனே அவளுக்குப் போன் போட்டேன். வாய் தானாகக் கேட்டது: "என்ன லென்ஸும்மா?"

"அதே ஐம்பதுதான் அண்ணா."

"எங்கப்பா குனியலையா?"

"முதல்ல குனிஞ்சாரு. ஏன் குனியறீங்கன்னு கேட்டேன். சுரங்கத்துக்குள்ள எதிர்ல ஒருத்தர் வந்தா தலைய குனிஞ்சுக்கணுமாமே, நம்ம தொப்பி லைட் அவர் கண்ணுல அடிக்கக்கூடாதாம். அதுதான் சுரங்கத்துக்குள்ள மரியாதையாம். எதிர்ல வெளிச்சம் தெரிஞ்சா இப்பவும் தலை தானா இறங்கிடுதுன்னாரு. கேமரா குறி பார்க்கறப்ப முன்னாடி ஒரு சின்ன விளக்கு எரியும்ல, அதை ஆஃப் பண்ணிட்டேன். ஃப்ளாஷை மேல திருப்பிட்டேன். அவ்வளவுதான் அண்ணா."

அவ்வளவுதான். என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கமுமில்லை ஒன்றுமில்லை. அவர் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார், நான் இருபது வருஷமாகத் தலையைத் தூக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன்.

அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லா கீது. பெருசா போட்டு வெச்சிக்கோ. நான் போனப்புறம் மாலை போடறதுக்கு இதுதான்" என்றார். என் கேமரா பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். நீலச் சுவரில் அவருடைய வெள்ளை வேட்டியை இரண்டு ஆணியில் இழுத்துக் கட்டினேன். ஃப்ளாஷை அதன் பக்கம் திருப்பினேன், கேமராவின் முன்விளக்கை அணைத்தேன். என்னிடம் இருப்பதிலேயே நல்ல லென்ஸ், எண்பத்தைந்து எம்.எம்., அதைப் போட்டேன். அமுக்கினேன். தலை குனியவில்லை! வெளிச்சம் வெண்ணெயாக விழுந்திருந்தது. கண் கண்ணாக இருந்தது. ஆனால் முகம் பென்ஷன் புத்தகத்துக்கு எடுத்தது மாதிரி இருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் பென்ஷன் புத்தகம்.

"சிரிப்பா."

"இன்னாத்துக்கு சிரிக்கிறது? அந்தப் பொண்ணு பேசிக்கினே எடுத்துச்சு. நீ இன்னாவது கேளேன்."

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினேன். என்ன கேட்பது? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாத்திரை போட்டியா, பாத்ரூம் போனியா, இதைத் தவிர நான் அவரை என்ன கேட்டிருக்கிறேன்? கடைசியில் ஒன்று வந்தது.

"மொத மொத கேஜ் கூண்டுல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்குனப்ப பயமா இருந்துச்சாப்பா?"

அவர் முகம் மலர்ந்தது. என் விரல் ஷட்டருக்குப் போய்விட்டது. அவர் வாயைத் திறந்தார், இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்பா. மறுபடி சொல்ல மூச்சு இல்ல. அதுகிட்டயே கேட்டுக்கோ."

அவரைப் படுக்கவைத்தேன். சுவரில் கட்டிய வேட்டியை அவிழ்க்கவில்லை. வாசலுக்கு வந்து, எந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுமோ அவள் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"எங்கப்பா அன்னிக்கு உன்கிட்ட இன்னாம்மா சொன்னாரு?"

"எதைக் கேக்கறீங்க அண்ணா?" என்றாள். "நிறைய சொன்னாரே."