பகல் ரயிலில் வந்த அக்கா

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். பாண்டிச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், கரும்புக் கொல்லைகளை ஒட்டி இருக்கிற ஸ்டேஷன் அது. ஓர் அறை, டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல், இரண்டு சிமென்ட் பெஞ்சு, ஒரு புங்க மரம், அவ்வளவுதான். டிக்கெட் விற்கும் வேலையை அப்பாவிடம் கமிஷனுக்கு விட்டிருந்தார்கள். அவருக்குச் சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது. நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். முழு ஆண்டு லீவு. பாண்டியிலிருந்து வரும் பகல் ரயில் போனதும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அதே ரயில் விழுப்புரம் போய்த் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை பூட்டிய அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. யாரும் வர மாட்டார்கள். இரண்டு ஆடுகள் புங்க மரத்தடியில் படுத்திருக்கும்.

ஒருநாள் அந்த ரயிலிலிருந்து ஓர் அக்கா இறங்கினாள். அப்பா கிளம்பிப் போனபின்தான் அவளைக் கவனித்தேன்; கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து வந்தாள். நீல நிறச் சுடிதார், தோளில் ஒரு கைப்பை. ஊருக்குள் போகிற பாதையை எட்டிப் பார்த்துவிட்டு, போகாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"யார் வீட்டுக்கும் இல்ல பாப்பா. சும்மாதான். திரும்பி வர்ற ரயில்லயே போயிடுவேன்."

எங்கள் ஸ்டேஷனைச் சும்மா பார்க்க ஒருவர் டிக்கெட் எடுத்து வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பார்க்க வேண்டிய இடம்தான் என்று நினைத்தேன்.

காலையில் பாண்டிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏழரை என்றேன். சாயங்காலம் அங்கே ஐந்தே முக்காலுக்கு எடுத்தால் இங்கே ஆறே காலுக்கு வந்துவிடும் என்றேன். மழை பெய்தால் நிற்க இடம் உண்டா, விளக்கு எரியுமா, இங்கிருந்து ஊருக்கு நடக்க எவ்வளவு நேரம், வழியில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னை இத்தனை மரியாதையாக யாரும் கேள்வி கேட்டதில்லை. எதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

"புதன்கிழமை மட்டும் காலையில கொஞ்சம் லேட்டா வரும்க்கா. ஏன்னு எங்கப்பாவுக்கே தெரியாது."

அவள் சிரித்தாள். "இங்கேர்ந்து பாண்டிக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க இருக்காங்களா?"

நான் விரல் விட்டு எண்ணினேன். ஜவுளிக் கடைக்கு இரண்டு பேர், பூ விற்கப் போகும் அம்மா ஒருவர், நர்ஸ் வேலைக்கு ஒருவர். எண்ணி முடித்தபோது எங்கள் வீட்டுப் பெருமையையும் சொல்லிவிடலாம் என்று பட்டது.

"எங்க வீட்டுக்குக்கூட புதுசா ஒரு சித்தி வரப்போறாங்க. அவங்க பாண்டியில கதிர்காமம் ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை பாக்குறாங்களாம். ஆனா அவங்க ரயில்ல போவ மாட்டாங்க."

"ஏன்?"

"கல்யாணம் ஆனா அவங்க வேலைய சித்தப்பா நிறுத்திடுவாராம்."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "அந்தச் சித்திகிட்ட சொல்லிட்டாங்களா?"

"இல்லக்கா. இப்ப சரின்னு சொல்லிட்டு அப்புறமாதான் சொல்லணுமாம்."

முந்தின இரவு சாப்பிடும்போது சித்தப்பா அம்மாவிடம் சொன்னது அது. அவர் கெட்டவர் இல்லை. ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வாரம் தவறாமல் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். பொண்ணு வேலைக்குப் போவேன் என்கிறாள் என்று தரகர் சொன்னபோது, இதற்காகவா நல்ல இடத்தை விடுவது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அம்மாவும் கேட்டுக்கொண்டே அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதற்குப் பிறகு அந்த அக்கா ரயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் தலை வலிக்கிறதோ என்று என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், அண்ணாந்து குடித்தாள். ரயில் வந்ததும் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிப் போனாள். அப்பா மூட்டை ஏற்றுகிற ஒருவருக்கு அவசரமாக டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்; அவளைக் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். பெரியப்பா, அம்மா, சித்தப்பா. மூன்று பேராகப் போகக் கூடாது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா ஸ்டேஷனை விட்டு வர முடியாது. அவர் கொடுத்த டிக்கெட்டில்தான் எல்லோரும் போனோம். பாண்டியில் இறங்கி டெம்போ பிடித்து முதலியார்பேட்டையில் ஒரு சந்துக்குள் நுழைந்தோம். பெண்ணின் அப்பா மில்லில் வேலை பார்த்து, மில் மூடியபின் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சின்ன வீடு. எங்களுக்காக ஐந்து நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்.

காபித் தட்டோடு வந்தது அந்த அக்கா. பட்டுப்புடவையில் முதலில் அடையாளம் தெரியவில்லை. என் முன்னால் குனிந்தபோது தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண்ணால் வேண்டாம் என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். ரயில் பார்க்க வந்தவளே சித்தியாக வரப்போகிறாள் என்பது தற்செயலாக நடந்த பெரிய அதிசயமாகப்பட்டது.

பெரியப்பா பெருந்தன்மையாக, "பொண்ணு எதாச்சும் கேக்கணும்னா கேக்கலாம்மா" என்றார். யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற தைரியத்தில் சொல்வதுதான் அது.

அவள் கேட்டாள். சித்தப்பாவைப் பார்த்தே கேட்டாள். "கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போவேன். உங்களுக்கு இதுல மனசுல எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

சித்தப்பா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "தாராளமா போங்க. எங்கண்ணன்தான ஸ்டேஷன்ல இருக்காரு, உங்களுக்காக ரயிலயே நிறுத்தி வெப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. ரயிலைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"புதன்கிழமை மட்டும் லேட்டா வரும்" என்றேன்.

மறுபடியும் ஒரு பெரிய சிரிப்பு. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் தரகர் ஸ்டேஷனுக்கே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜாதகம் இன்னொரு இடத்தில் பார்த்தார்களாம், பொருந்தி வரவில்லையாம். சித்தப்பாவுக்கு அவளை ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. ஒரு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். தேன்மிட்டாய் வாங்கி வர மறந்தார். அவர் வீட்டுக்குள் வந்தாலே நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை ரயிலைப் பற்றி ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் போய், மேலே சொல்லிப் புதன்கிழமை ரயிலையும் நேரத்துக்கு வரவைக்க முடியுமா என்று கேட்டேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றார். லீவு முடியும்வரை ஒவ்வொரு புதன்கிழமையும் விடியற்காலையில் எழுந்து ஸ்டேஷனுக்குப் போய், தண்டவாளம் வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் லேட்டாகத்தான் வந்தது.

அடுத்த தையில் சித்தப்பாவுக்குத் திண்டிவனம் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். வந்த சித்தி நல்லவர். ரயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நான் வளர்ந்து, படித்து, அதே காலை ரயிலில் பாண்டிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தபோதும் அந்த அக்காவைப் பற்றி வேறு மாதிரி யோசித்ததில்லை. சென்ற வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேலையை விட மாட்டேன் என்று நானும் சொன்னேன். "அதுக்கென்னங்க, தாராளமா" என்றார் மாப்பிள்ளையாக வந்தவர். பதில் சட்டென்று வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னை அறியாமல் என் கண்கள் அவர்களோடு குழந்தை யாராவது வந்திருக்கிறதா என்று தேடின. நாற்காலிகளில் எல்லாம் பெரியவர்களாகவே உட்கார்ந்திருந்தார்கள்.