ஏழு திவசம்

கிட்டே வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற விஷயம் இல்லை இது. தவணைத் தொழில் என்பது அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நிற்கிற தொழில். உங்களில் தவணை கட்டி நொந்தவர்களும் இருப்பீர்கள், வசூலிக்கப் போய் நொந்தவர்களும் இருப்பீர்கள். இரண்டு பேருக்குமே நான் சொந்தக்காரிதான்.

மட்டாஞ்சேரியில் நைட்டியக்கா என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். சிவகாசிப் பக்கம் பிறந்தவள், வாக்கப்பட்டு இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படிப்பு ஐந்தாவதோடு சரி. தோளில் மூட்டையோடு வீடு வீடாக நைட்டி கொடுத்து வாரத் தவணை வாங்கிப் பிழைத்தவள். முட்டி தேய்ந்த பிறகு, ஒரு கம்பெனிக்காகக் கிரிப்டோ நாணயத்துக்குத் தவணை பிரிக்கவும் போனேன். அங்கே பட்டதைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள்

தோப்பும்படிப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். மேனேஜர் ஜோஷி சார் விளக்கினார். இன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு நாணயம் எழுதிக்கொள்ளலாம், இருபத்து நாலு மாதத் தவணை. நாணயம் முதல் நாளே வாங்கினவர் போனில் தெரியும், ஆனால் அதன்மேல் மஞ்சளாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். கடைசித் தவணை வரைக்கும் விற்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது, அடகு வைக்கவும் முடியாது. சேர்ந்தாற்போல் இரண்டு தவணை தவறினால் கம்பெனியே அன்றைய விலைக்கு விற்று, தன் கூலியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடும்.

இன்னும் ஒரு வரி இருந்தது. "கடைசித் தவண கழிஞ்ஞு ஏழு திவசம்..." என்று ஆரம்பித்தார். மலையாளத்தில் திவசம் என்றால் நாள், தெரியும். நமக்கு அது செத்தவருக்குக் கொடுக்கிற திதி இல்லையா? இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சொல் விழுந்தால் என் காது சுருங்கும். புதுத் தொழில் தொடங்குகிற காலையில், அதுவும் ஏழு திவசமா? சிவசிவா என்று பைக்குள் துழாவி விபூதிப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். நான் இட்டு முடிக்கவும் அவர் வரியை முடிக்கவும் சரியாக இருந்தது. தலையாட்டினேன். அவர் கேட்டார்: "எல்லாம் மனசிலாயல்லோ, அக்கா?"

நைட்டியும் நாணயமும்

சுஹறா என் பழைய வாடிக்கைக்காரி. சுக்குக் கோடவுனில் முறத்தோடு உட்கார்ந்து நல்லது கெட்டது பிரிக்கிறவள். சுக்கை மட்டும் இல்லை, பேச்சையும் அப்படித்தான் பிரிப்பாள். அவள் புருஷன் ஹம்சா மூட்டை தூக்கியவர். இதயம் பலவீனம், என்றைக்காவது ஆபரேஷன் வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் காசு இருந்தால் செலவாகிவிடும், பூட்டில் இருந்தால் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கடைசித் தவணை கட்டிய அன்னைக்கே கிட்டுமோ?" என்று கேட்டாள். "அன்னைக்கே" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி. கையெழுத்தைப் போட்டுவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இனி நைட்டிக்கும் இதுபோலெ, முழுப் பைசாவும் கட்டிக் கழியும் வரை நைட்டி உன்றெ கையில், அல்லே? அதுவரை ஞான் எந்து உடுக்கும், அக்கா?"

பூட்டியாச்சு

வைப்பினிலிருந்து மீன் கொண்டுவரும் மேரிச்சேச்சியும் என்னிடம் நாணயம் எழுதியவள். ஒரு நாள் படகில் என்னைப் பார்த்து, "என்றெ காயின் எவிடே?" என்றாள். "பயப்படாதீங்க சேச்சி, எல்லாம் பத்திரமாப் பூட்டியாச்சு" என்றேன். கொச்சியில் கம்பெனி பூட்டி என்றால் ஒரேயடியாக மூடிவிட்டான் என்று அர்த்தம். போட் கரை சேருவதற்குள் சேச்சி நாலு பேருக்குப் போன் போட்டுவிட்டாள். மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டு முழுக்க ஆட்கள், நடுவில் மீன் கூடைகள். ஜோஷி சார் எல்லாரையும் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு என்னிடம் கை கூப்பினார்: "அக்கா, இனி பூட்டு என்னு மிண்டருது. லோக்! லோக் என்னு பறஞ்ஞா மதி!"

சீர்த்தட்டு

சுள்ளிக்கல்லில் இஸ்திரி போடும் முருகேசன் நம்ம ஊர்க்காரர். மகள் கல்யாணத்துக்கு மோதிரம் போடுவதாகப் பேசியிருந்தார்; அதற்குப் பதில் நாணயத்தில் பாதியை மகள் போனுக்கு அனுப்ப வேண்டும் என்றார். "பன்னெண்டு மாசம் கட்டிட்டேன்ல, பாதி என்னுதுதானே?" நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி கட்டினால் பாதிப் பூட்டுத் திறக்காது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? போனில் தெரிவதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, தேங்காய் வெற்றிலைக்குப் பக்கத்தில் சீர்த்தட்டில் வைத்துவிட்டார். மஞ்சள் பூட்டும் அதில் பளிச்சென்று இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த சம்பந்தி அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முருகேசன் முகம் வாடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சம்பந்தி கேட்டார்: "மோதிரம்னு சொன்னீங்க, போட்டோ வந்திருக்கு. பொண்ணாவது நேர்ல வருமா?"

ஆஸ்பத்திரிக் கவுண்டர்

சுஹறா இருபது தவணை கட்டியிருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்போது ஹம்சாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், வியாழனுக்குள் முன்பணம். சுமட்டுக்காரர் சங்கம் கொஞ்சம் தந்தது, பள்ளிவாசல் கமிட்டி கொஞ்சம் தந்தது. குறைந்த தொகைக்கு மேலேயே அவள் போனில் இருந்தது. நாணயத்தின் விலை ஏறியிருந்த நேரம் அது.

அவள் கவுண்டருக்குப் போய்ப் போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். இதோ பணம், நாலு மாதத்தில் திறந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். உள்ளே இருந்த பெண் நல்ல பெண்தான். எழுந்து நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பைசா காணுந்நுண்டு, இத்தா. வருந்நில்லல்லோ."

திங்கட்கிழமை, பதினொரு மணி

மிச்சம் நாலு தவணையையும் சேர்த்துக் கட்டினால் பூட்டு இப்போதே திறக்குமா என்று கேட்டது சுஹறாதான். எனக்கு அந்த யோசனை வரவில்லை. ஆபீஸுக்குப் போன் செய்தேன். கட்டலாம் என்றார்கள். அவள் இரண்டு வளையலை விற்றாள். போதவில்லை. ஓணத்துக்கு நைட்டி எடுக்க வைத்திருந்த பணத்தை நான் போட்டேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கட்டி முடித்தோம். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டுப் படம் போனது. அந்த இடத்தில் ஒரு கடிகாரப் படம் வந்து உட்கார்ந்தது.

முட்டி வலியை மறந்து மாடிப்படி ஏறி ஓடினேன். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், வியாழக்கிழமை என்று கொட்டினேன். ஜோஷி சார் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அவர் சொன்னது: "ஆத்யத்தெ நாள் தன்னெ பறஞ்ஞதல்லே, அக்கா? கடைசித் தவண கழிஞ்ஞு ஏழு திவசம்."

சனிக்கிழமை

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து சுஹறாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பயந்து விபூதி தேடியதையும், ஏழு நாள் கழித்துத்தான் நாணயம் கைக்கு வரும் என்கிற மிச்ச வரியைக் கேட்காமல் விட்டதையும். அது தெரிந்திருந்தால், டாக்டர் பேச்செடுத்த வாரமே சேர்த்துக் கட்டியிருப்போம். அவள் என் நெற்றியை மட்டும் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஆபரேஷனை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளினார்கள். சனிக்கிழமை மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று சொன்ன ஹம்சா அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்த வீட்டில் ஆள் நிறைந்திருந்தது. அலமாரி மேல் இருந்த போன் டிங் என்றது. சுஹறா எடுத்துப் பார்த்தாள். கடிகாரம் இல்லை, பூட்டும் இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள். "நாணயத்துக்கு இன்னைக்கு ஏழு திவசம், அக்கா. என்றெ இக்காக்கு ரெண்டு."

ஒப்பு

புருஷன் போனால் அவர்களில் நாலு மாதம் பத்து நாள் பெண் வெளியே போவதில்லை, அந்நிய ஆண் முன்னால் வருவதில்லை. அதனால் ஜோஷி சார்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. தவணை முடிந்த ஒப்பந்தத்தில் வாங்கினவர் ஒப்பு, அதாவது கையெழுத்து, வேண்டும். அது வந்தால்தான் அந்த ஒப்பந்தம் ஜோஷி சார் பெயரில் அந்த மாதக் கணக்கில் சேரும். அன்றைக்கு மாதக் கடைசி நாள். அவர் முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் சுஹறா, நடுவில் நான். காகிதத்தையும் பேனாவையும் நான்தான் திரைக்கு அடியில் தள்ளினேன்.

"அக்கா, சாருக்கு இது எப்போள் வேணம்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கே வேணுமாம். நாளைக்கு ஆனா இந்த மாசத்துல சேராதாம்."

சாருக்கு வியர்த்தது. பிறகு பேனா மட்டும் திரைக்கு அடியில் உருண்டு திரும்பி வந்தது. கோபம் கொஞ்சமும் இல்லாத குரலில், கோடவுனில் விலை பேசுகிற மாதிரி, சுஹறா சொன்னாள்: "சாரு சாயா குடிச்சிட்டுப் போய்க்கோ. ஒப்பு தரேன். ஏழு திவசம் கழியட்டே."

இருபத்து நாலு தவணையும் கட்டி சுஹறா பூட்டில்லாமல் கையில் வைத்து அனுபவித்த பொருள் என்று பார்த்தால், அன்றைக்கு அவள் ஜோஷி சாருக்குப் போட்ட அந்த ஏழு நாள் ஒன்றுதான்.