ஓலை மூடாத குவியல்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லிப் பெரியப்பாதான் என்னிடம் தாளைக் கொடுத்தார்.

"ஏம்பா, எட்டாவதோட நின்னவன்னாலும் வாய் உனக்குத்தான் இருக்குது. அவ பொறுமை, பக்தின்னு நல்லதா எழுது. யாரையும் கிண்டல் பண்ணி வெக்காத" என்றார்.

நல்லதாக எழுதுகிறேன் பெரியப்பா. மற்றதற்கு உறுதி சொல்ல முடியாது.

அக்கா பிறந்தது கீழ்புத்துப்பட்டில். வாக்கப்பட்டது மரக்காணத்தில். தாயில்லாத என்னையும் சீர்வரிசையில் ஒன்றாகக் கூடவே அழைத்துப் போனார். மாமா குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்தியில் இருவரும் வேலை செய்தார்கள். சில வருடங்களில் மாமா நெஞ்சுவலி வந்து பாத்தி வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். காரியம் முடிந்ததும் அக்கா தனியாகப் பாத்தியில் இறங்கினார். பிள்ளை என்று அவருக்கு இருந்தது நான் மட்டும்தான். அதையும் ஒரு சோதனை என்றே சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தில் முதலில் வாரும் உப்பை விற்க மாட்டார்கள். வரப்பின் முனையில் சின்னக் குவியலாக வைத்து, மஞ்சள் தூவி, கற்பூரம் ஏற்றுவார்கள். அது சாமி குவியல். அதை வைக்காமல் வேறு உப்பில் கை படக் கூடாது. மற்ற குவியல்களுக்கு மழைக்குப் பயந்து பனை ஓலை மூடுவோம். சாமி குவியலுக்கு மட்டும் மூடக் கூடாது.

ஒரு சித்திரையில் லாரி வரவேண்டிய காலையில் மழை கொட்டியது. காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. மழை விட்டபோது ஒரு பருவத்து உழைப்பு கலங்கல் தண்ணீராக வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சாமி குவியல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் மிச்சம்.

"க்கா, உன் சாமிக்கு அதோட உப்பையே காப்பாத்திக்கத் துப்பில்ல. உன்னுத எங்க காப்பாத்தப் போவுது?" என்றேன்.

அக்கா முந்தானையைப் பிழிந்தபடி சொன்னார்: "நம்மள நனைய வுட்டுட்டு அது மட்டும் குடைக்குள்ள நிக்கல பாரு. எனக்கு அது போதும்டா."

"நீ லூசுக்கா."

"லூசோட தம்பி, மம்பட்டிய எடு. வரப்பு ஒடஞ்சி கெடக்குது."

பிறகு அக்காவுக்குக் கிட்னி போனது. வாழ்நாள் முழுக்க உப்பு வாரியவரைப் பார்த்து, சோற்றில் உப்பே கூடாது என்றார் டாக்டர். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் சாமியைத் திட்டிய வார்த்தைகளை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. அளவில் ஒரு பிடி கூட ஏமாற்றாதவர். அடுத்தவர் குவியலுக்கு ஓலை மூடிவிட்டுத்தான் தன்னுடையதற்கு மூடுவார். அவருக்கு இதுவா?

கட்டிலருகே வந்து நின்ற சித்தி, "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாளோ" என்று மூக்கைச் சிந்தினார்.

"நீ என்னா புண்ணியம் பண்ண சித்தி, இப்படி கல்லு மாதிரி இருக்க?" என்று கேட்டேன்.

சித்தி போனதும் அக்கா என் காதைத் திருகினார். கையில் பலமே இல்லை.

"பெரியவங்கள இப்படிப் பேசுவியா?"

"அப்ப சாமிய பேசறேன்."

"பேசு. அது வாங்கிக்கும். சித்தி தாங்க மாட்டா."

கடைசி வாரத்தில், "வர்ற மாசியில மொத உப்ப நீ வைடா" என்றார்.

"வெக்க மாட்டேன்."

"ஏன்?"

"கோவம்."

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "சரி, கோவம் தீந்ததும் வை. நான் அவசரப்படுத்தல. அதுவும் அவசரப்படுத்தாது."

அந்த வாரமே போய்விட்டார்.

சாவு வீட்டில் உங்களில் பல பேர் என் தோளைத் தட்டி, நல்லவர்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும் என்றீர்கள். சொன்னவர்கள் கவலைப்பட வேண்டாம், நீங்கள் எல்லோரும் நூறு வயது இருப்பீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய், அக்கா வெளியே வரும்வரை வாசலில் துவா செய்துகொண்டிருந்த கூனிமேட்டு பாய்க்கு நன்றி. அக்கா பங்கு வேலையையும் சேர்த்துச் செய்த பாத்திப் பெண்களுக்கு நன்றி. சித்திக்கும் நன்றி. அவர் வாய் அப்படி. ஆனால் தினமும் உப்பில்லாத கஞ்சி வைத்து, அக்காவோடு உட்கார்ந்து தானும் அதையே குடித்தவர் அவர் ஒருவர்தான்.

சாமிக்கும் நன்றி எழுதச் சொன்னார் பெரியப்பா. எழுத மாட்டேன்.

போன மாசம், மாசியில், பாத்தியில் முதல் உப்பு விளைந்தது. பெண்கள் வாரு பலகையோடு வரப்பில் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"என்னா தம்பி, வெயில் ஏறுது. வெக்கறியா, நாங்க வூட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டார் அவர்களில் ஒருவர்.

பலகையை வாங்கி இறங்கினேன். வாரினேன். வரப்பு முனையில் கொட்டி மஞ்சள் தூவினேன். கடற்காற்றில் கற்பூரம் அணைந்துகொண்டே இருந்தது. திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி ஏற்றினேன். சாமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கோபம் தீர்ந்ததும் வை என்றார் அக்கா. தீரவில்லை. தீராமலேதான் வைத்தேன். ஓலை மூடவில்லை.