மிஞ்சிய வீடு

என் அக்காவுக்குக் காக்காய் வலிப்பு வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஏரிக்கரைக் குடிசைகளில் பேசத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். கல் உடைக்கிற ஜனங்கள் நாங்கள், இரும்புக்குப் பஞ்சமில்லை. உளியோ சுத்தியோ கைக்குக் கிடைத்ததை அவள் உள்ளங்கையில் திணிப்பார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கு டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரும்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவர ஆள் இருந்தது, அதுதான் விஷயம்.

அடுப்புப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் அவளைத் தனியே விட மாட்டார்கள். இதற்கு யாரும் முறை போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவும் நைனாவும் மலையடிவாரத்துக்கு வேலைக்குப் போய்விட்டால், நைனாவின் தங்கை, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த என் அத்தை, ஒரு கண்ணை அக்கா மேல் வைத்திருப்பாள். அத்தை எழுந்து போனால் எதிர்க் குடிசையின் கண் அவள்மேல் இருக்கும்.

அந்த ஏரிக்கரை வாழ்க்கையைப் புகழ்ந்து பாட எனக்கு ஆசை இல்லை. மழை வந்தால் குடிசைக்குள் தவளை குதிக்கும். கூரை அழுகி நாறும். வீடு என்று அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைப்பெடுத்தது. குடிசைகள் எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. உயிர்ச்சேதம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்து, பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள்.

பிறகு சர்க்கார் மானியத்தில் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை. எங்கள் பங்குக்கு நாங்கள் கல் உடைத்துத் தர வேண்டும், மீதியை சர்க்கார் பார்த்துக்கொள்ளும். எங்களால் நம்ப முடியவில்லை. மலையிலிருந்து நாங்கள் உடைத்த கல் அதுவரை அடுத்தவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

வீடுகளை எங்கே கட்டுவது என்பதில்தான் தகராறு வந்தது. ஊர்ப் பெரியவர்களில் பலர் சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேட்டு நிலத்தைக் காட்டினார்கள். எல்லா வீட்டையும் ஒரே வரிசையில் கட்டிவிடலாம், செலவும் குறையும், பார்வைக்கும் நன்றாக இருக்கும் என்றார்கள். எங்கள் ஆட்களோடு கூட்டத்துக்குப் போயிருந்த நைனா எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஐயா, செத்தவங்களுக்கும் அப்பால எங்கள வெக்கிறீங்களே, நாங்க இன்னும் சாவலியே. ஊருக்குள்ள இத்தினி தெரு இருக்குது. ஒவ்வொரு தெருக் கோடியிலயும் பொறம்போக்கு கெடக்குது. தெருவுக்கு ரெண்டு வீடு, மூணு வீடுன்னு பங்கு வெச்சிக் கட்டிடுங்க. எங்க புள்ளைங்களும் ஊரு நடுவுல நாலு பேரப் பாத்து வளரட்டும்."

வந்திருந்த அதிகாரி இளவயதுக்காரர், வெளியூர்க்காரர். நைனா சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதுதான் நியாயம், ஒரே தெருவின் தலையில் எல்லாவற்றையும் கட்டவும் வேண்டாம், ஊருக்கு வெளியே தள்ளவும் வேண்டாம் என்றார். அதற்கப்புறம் வேடிக்கையைக் கேட்க வேண்டுமே. எல்லாத் தெருக்காரர்களும் எங்களுக்கு வீடு கிடைப்பதில் சந்தோஷம் என்றார்கள். தங்கள் தெருவில் மட்டும் முடியாது என்றார்கள். ஒரு தெருவில் தண்ணீர்க் கஷ்டம். ஒரு தெருவில் தேர் திரும்ப இடம் வேண்டும். பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், "கல்லு ஒடைக்கிற சத்தத்துல எங்க வூட்டு மாடு மெரண்டுக்கும்" என்றார். நாங்கள் மலையில் உடைப்போம், வீட்டுக்குள் உட்கார்ந்து உடைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அதிகாரி யாருக்கும் மசியவில்லை. ஒவ்வொரு தெருவும் தன் பங்கை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நைனா சொன்னபடியே முடிவானது. அன்றைக்கு நைனாவைத் தோளில் தூக்காத குறைதான்.

நைனா பேசியது தப்பில்லை என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடை முடிவதற்குள் வீடுகள் எழும்பிவிட்டன. யாருக்கு எந்த வீடு என்று பிரிக்க வேண்டிய நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் கூடினோம். சீட்டுக் குலுக்கலாம் என்றார் அதிகாரி. எங்கள் ஆட்களுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "எங்க வழக்கப்படி கூறு போட்டுக்கறோம்" என்றார்கள்.

கூறு என்பது ஆட்டுக்கறி பங்கு போடுகிற முறை. எங்கள் ஜனங்கள் பண்டிகைக்குக் கூட்டாக ஓர் ஆடு அறுப்பார்கள். கறியைச் சமமாகக் கூறு கூறாக இலையில் பரப்பிவைப்பார்கள். ஊருக்குப் பொதுவான ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு குடும்பத்தைச் சொல்வார். அவர் பார்க்கவில்லை, அதனால் யாரும் குறை சொல்ல முடியாது. சொல்கிறவர் தன் குடும்பத்தைக் கடைசி வரை சொல்லக்கூடாது. எல்லோருக்கும் போய் மிஞ்சுவது எதுவோ அதுதான் அவருக்கு. எலும்பு மிஞ்சினாலும் முகம் கோணாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கும் அதையே செய்தார்கள். மைதானத்தில் கோடு கிழித்துத் தெருக்களை வரைந்து, வீட்டுக்கு ஒரு கல்லாக வைத்தார்கள். முதுகு காட்டி நிற்க நைனாவைத்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நைனா ராஜகிரி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். என் மாமா, அம்மாவின் தம்பி, கல்லைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "இது யாருக்கு?" "கெழக்கால வூட்டுக்கு." "இது யாருக்கு?" "என் தங்கச்சிக்கு." அத்தைக்கு சந்தைக்குப் பின்னால் இருந்த மூன்று வீடுகளில் ஒன்று விழுந்தது. மாமாவுக்கே அதை ஒட்டின வீடு. அம்மா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தாள். அந்த மூன்றில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை வேறொரு குடும்பத்துக்கு நைனா சொன்னபோது அம்மாவின் பிடி இறுகி எனக்கு வலித்தது.

கடைசியில் மிஞ்சிய கல் ஊரின் மறு கோடியில் இருந்தது. செக்குக்காரர்களும் கடைக்காரர்களும் இருந்த தெரு. இடம் குறைவு என்று அங்கே ஒரே ஒரு வீடுதான் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை.

மாமா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நைனாவிடம் வந்தார். "மாமா, நாங்க புருசன் பொஞ்சாதி ரெண்டே பேரு. நான் அங்க போயிடறேன். நீ பொண்ண வெச்சிக்கினு உன் தங்கச்சி பக்கத்துல இரு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். அதிகாரிகூடத் தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"வேணாங்க ஐயா" என்றார் நைனா. "கூறு சொன்னவனே கைய வெச்சா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் வெப்பான். மிஞ்சினது எதுவோ அது எனக்கு."

அதிகாரி நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மாதிரி மனிதரோடு கைகுலுக்கியது நைனாவுக்கு அதுவே முதல் தடவை. திரும்பி நடந்து வரும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "பொண்ணு?"

"தெரு பூரா ஜனங்க இருக்காங்க. ஒருத்தருமா பாக்க மாட்டாங்க?" என்றார் நைனா. அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

புது வீடு அழகாக இருந்தது. ஜன்னல் இருந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் ஈரம் ஏறாது. தெருக்காரர்கள் எங்களை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்போம், பழக்கமாவது ஏற்பட்டிருக்கும். நாங்கள் போனால் அவர்கள் எழுந்து போவார்கள், அவ்வளவுதான். தெருவுக்குப் பின்னால் படிக்கட்டு வைத்த ஒரு குளம். அம்மா குடத்தோடு படியில் இறங்கினால், துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதித் துணியை அப்படியே வாரிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். குடிதண்ணீர்க் கிணற்றில் அவர்களாக இறைத்து எங்கள் குடத்தில் மேலேயிருந்து ஊற்றுவார்கள். அதனால் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குளத்துக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. உச்சிவெயில்தான் அந்த நேரம்.

அத்தை ஆரம்பத்தில் தினமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைக் கடந்து வந்து அக்காவோடு இருந்துவிட்டுப் போவாள். பிறகு அவளும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. வருவது குறைந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஏரிக்கரையில் அவள் அக்காவைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஓர் அடி நடந்ததில்லை. நாங்கள் வீடுகளைத்தான் பங்கு போடுகிறோம் என்று நினைத்தோம். எங்களையும் பிரித்துப் போட்டுவிட்டோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது கல்யாண வயது. அவளுக்கு வலிப்பு வரும் என்பதை அந்தத் தெருவில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா எங்களுக்குக் கட்டளை போட்டிருந்தாள். ஏற்கெனவே நம்மைக் கண்டு ஒதுங்குகிறவர்கள், இதுவும் தெரிந்தால் என்னென்ன பேசுவார்களோ என்ற பயம் அவளுக்கு. வேலைக்குப் போகும்போது அக்காவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவாள். ஏரிக்கரையில் நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்த பெண் அவள். சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பாள்?

அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரு நாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, எங்கள் தெரு வண்டிக்காரர் ஒருவர் வந்து வாத்தியாரிடம் ஏதோ சொன்னார். வாத்தியார் என்னைப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. ஓடினேன்.

எங்கள் வீட்டு வாசலில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. துவைக்க எடுத்துப்போன துணிகள் ஒரு வாளியில் இருந்தன. தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நின்றார்கள். அதற்கு முன் அவர்களில் ஒருத்தியும் எங்கள் நிலைப்படியை மிதித்ததில்லை.

அம்மா மலையிலிருந்து வந்து விழுந்து கத்திக்கொண்டிருந்தபோது, செக்குக்காரர் ஒருவருடைய மனைவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். குளத்தைப் பார்த்த தன் தோட்டத்தில் அந்த அம்மாள் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். அக்கா படியில் இறங்கியதையும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதையும் பார்த்தாளாம்.

"கையையும் காலையும் போட்டுத் தண்ணிய அடிச்சிக்கினு இருந்துச்சிம்மா. விளையாடுதுன்னு நெனச்சிட்டேன். பாவம், ஆள் இல்லாத நேரத்துல ஆசையா விளையாடுதுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாதேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியிருப்பேனே."

அந்த அம்மாள் பொய்யாக அழவில்லை. அவளை வெறுக்க நான் வெகுகாலம் முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஏரிக்கரையில் எந்தக் குழந்தையும் அதை விளையாட்டு என்று நினைத்திருக்காது என்பது மட்டும் என் நெஞ்சை இன்றுவரை அறுக்கிறது.

காரியம் முடிந்த பிறகு அத்தையும் மாமாவும் மறுபடி வந்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தைதான் பேசினாள்.

"அண்ணே, இப்பவாவது மாத்திக்கலாம். அண்ணியோட தம்பி இங்க வந்துடறேங்கிறான். அண்ணி இந்தக் கொளத்தப் பாத்துக்கினு எப்பிடி இருப்பாங்க? நீங்க என் பக்கத்துல வந்துடுங்க."

நைனாவின் தாடி வளர்ந்து முகமே அடையாளம் தெரியாமல் இருந்தது. அவர் உடனே தலையாட்டினார். "நாளைக்கே போயி அந்த ஆபீசரப் பாக்கறேன். கால்ல உழுந்தாவது மாத்திக்கிறேன்" என்றார்.

மூலையில் சுருண்டு படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அன்னிக்கி அத்தினி பேரும் சொன்னாங்களே, மாத்திக்கோ மாத்திக்கோன்னு. அவளுக்காவ மாத்தல. இப்ப யாருக்காவ மாத்தப் போற? எனக்கா வலிப்பு வருது?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.