கீரைக்கு மேல் சாயத்தண்ணி

அக்காவுக்கு இரத்தம் சமைத்துக் கொடுக்கலாம் என்கிற யோசனை எனக்கு ஐந்தாம் வகுப்பில், சுற்றாடல் பாடத்தின் நடுவில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த டீச்சர் கரும்பலகையில் ஓர் இலையை வரைந்து, "கீரை சாப்பிட்டா இரத்தம் ஊறும், பிள்ளையள்" என்றார். "பிள்ளையள்" என்றதற்கு வகுப்பே சிரித்தது. அவருடைய பேச்சு எங்களுக்கு எப்போதும் வேடிக்கைதான். அன்று நான் மட்டும் சிரிக்கவில்லை. எப்போது மணி அடிக்கும், எப்போது வீட்டுக்கு ஓடலாம் என்றிருந்தது.

காரணம் இருந்தது. தெரணியகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, தலைப்பிரசவத்துக்காக எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்திருந்தாள். முந்தின நாள் கிளினிக்கில், பிரசவம் பார்க்கும் சிங்கள மிட்வைஃப் நோனா அவளுடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "லே மதி" என்றார். இரத்தம் போதாது என்று அர்த்தம். சிங்களம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் நோனா எங்களோடு தமிழில் பேசுவதையே மரியாதையாக நினைத்தார். "புள்ள பொறக்கறப்போ எல்லாருக்கும் கொஞ்சம் ரத்தம் போறது. உனக்குப் போறதுக்கு இல்ல" என்று சொல்லி, சிவப்பு மாத்திரைகளை, எங்கள் பேச்சில் குளிசைகளை, தாளில் மடித்துக் கொடுத்தார். அடுத்த கிளினிக்குக்குள் இரத்தம் ஏறாவிட்டால் தோட்டத்தில் பிள்ளை பெறக் கூடாது, முன்கூட்டியே இரத்தினபுரிக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அம்மாவும் அக்காவும் விடிந்தும் விடியாமலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஆமாம், அக்காவும்தான். தேயிலைச் செடி கீறாமலிருக்க வயிற்றுக்கு மேலே படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு போவாள். அப்பாவுக்குப் பள்ளத்தில், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக் காம்பராவில் வேலை. ஆகவே வீட்டில் சமையல் என்பது முந்தின இரவு சுட்ட கோதுமை மா ரொட்டியும், மிளகாயை அம்மியில் அரைத்த கட்டச் சம்பலும்தான். யாருக்கும் அதற்கு மேல் நேரமில்லை. நான் பத்து வயதில் அந்த அடுப்பைப் பிடுங்கிக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது.

மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் வழிந்தோடும் இடமெல்லாம் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கிடந்தன. லயத்துக்குப் பின்னால் முருங்கை. கடை வைத்திருந்த சிங்கள நோனா ஒருவர் வீட்டில் பார்த்த மாதிரி கீரையை நூல் நூலாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள் போட்டு, சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்குவேன். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைதான். சிங்கள வீடுகளில் அதற்கு மல்லுங் என்று பேர். பருப்பை முதலிலேயே அவிய வைத்துவிட்டால், அது கொதிக்கிற நேரத்துக்குள் கீரையை அரிந்துவிடலாம். சில நாளில் நெத்தலி இரண்டு கைப்பிடி. அவ்வளவுதான். பள்ளிக்கூட மணி அடிக்குமுன் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் நாள் அப்பா சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஆடு எதுவும் வாங்கிவிட்டார்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. கீரை குளுமை, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆகாது, சளி கட்டும், பிள்ளைக்கும் ஏறும் என்றாள். நான் டீச்சரைச் சாட்சிக்கு இழுத்தேன். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னாள். "சரி, குடு. ஆனா கீரைக்கு மேல கையோட சுடச்சுட சாயத்தண்ணி ஊத்தணும். அப்பத்தான் குளுமை முறியும்."

பாலில்லாத கடுந்தேநீரைத்தான் நாங்கள் சாயத்தண்ணி என்போம். தேயிலைத் தூளுக்குத் தோட்டத்தில் பஞ்சமா? சோற்றுக்கு முன்பு, சோற்றோடு, சோற்றுக்குப் பின்பு என்று எந்நேரமும் அதுதான். அதில் ஒரு நிபந்தனை வேறு சேர்ந்ததும் எனக்கு அது மருந்து மாதிரியே ஆகிவிட்டது. தூளை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டுக் கறுகறுவென்று ஆற்றினேன்.

பள்ளிக்கூட இடைவேளையும் மலையில் கொழுந்துக்காரிகளின் தேத்தண்ணி நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, போத்தலில் ஊற்றி, அப்பாவின் பழைய சாரத்துண்டால் சுற்றி, மறு கையில் சோற்றுக் கேரியரோடு மலை ஏறுவேன். போத்தல் ஆறிவிடக் கூடாது. அதுதான் என் ஒரே நினைப்பு. ஆறினால் குளுமை முறியாது, குளுமை முறியாவிட்டால் கீரை நிற்காது, கீரை நிற்காவிட்டால் அக்காவுக்குப் போவதற்கு இரத்தம் இருக்காது. அவ்வளவு தெளிவாக இருந்தது கணக்கு.

அக்கா வாகை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு வாய் கீரைச் சோறு, ஒரு மிடறு சாயம். கடைசி மிடற்றில் குளிசை. பக்கத்து நிரைப் பெண்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "இவ தங்கச்சியா, மாமியாரா? மாமியா கூட இப்படி வெரட்டி வெரட்டி ஊட்டமாட்டா." அக்கா வாயில் சோற்றோடு சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஈறு வெள்ளையாகத் தெரியும். பல்லும் ஈறும் ஒரே நிறம். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

வகுப்புக்குத் தினமும் பிந்தினேன். "எங்கை ஓடிப்போட்டு வாறாய்?" என்று டீச்சர் பிரம்பை எடுத்தார். நான் சொன்ன பதிலைக் கேட்டதும் பிரம்பை மேசையில் வைத்துவிட்டார். மறுநாள் முதல் நான் பிந்தி வந்தால் கண்டுகொள்ளாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். போத்தலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க யாருக்குத்தான் தோன்றும்?

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. நோனா இமையை இழுத்துப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் பார்த்தார். முகம் கடுத்துவிட்டது. தினமும் கீரை சாப்பிடுகிறேன், குளிசையும் தவறாமல் விழுங்குகிறேன் என்று அக்கா சொன்னாள். அவர் நம்பவில்லை, பொய் சொல்ல வேண்டாம் தங்கச்சி என்று பாதிச் சிங்களத்தில் அதட்டினார்.

"பொய் சொல்ல எபா, நங்கி. குளிசைய நீ தண்ணிக் காணுக்குள்ள வீசுறது."

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன்: கீரை காணாது, நாளையிலிருந்து இரண்டு மடங்கு, சாயத்தையும் இன்னும் கொஞ்சம் கடுப்பமாக. அக்கா என் தலையில் லேசாகத் தட்டி, "நீ விடமாட்டியேடி" என்றாள்.

இரத்தினபுரிக்குப் போக நாள் பார்த்தாயிற்று. வலி அதற்கு முன்பே வந்துவிட்டது, உச்சி வெயிலில், மலையில். தோட்டத்து லொறி வருவதற்குள் டிஸ்பென்சரிக் கட்டிலிலேயே பிள்ளை பிறந்தது. பெண். நன்றாகவே அழுதது. அதன் பிறகு அக்காவுக்குப் போக ஆரம்பித்த இரத்தம் நிற்கவில்லை. லொறியின் பின்தட்டில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தபடி போனாள். பெரிய பாதைக்கு இறங்குவதற்கு முன்பே லொறி திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று சந்தோஷமாக ஓடியவள் நான்.

கருமாதி அன்று படையலில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். என் பங்குக்கு நான் மல்லுங் வைத்தேன். கையோடு, ஆறுவதற்குள், சாயத்தண்ணியையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

இப்போது நான் அதே தோட்டத்தில் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளி. கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் டவுனில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். போஷாக்கு பற்றிப் பேச வந்த பெண்மணி பல விஷயங்களுக்கு நடுவே ஒன்றைச் சொன்னார்: சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராது, குளிசையையும் அதோடு விழுங்கக் கூடாது, ஒரு மணித்தியாலமாவது கழிய வேண்டும். சொல்லிவிட்டு முட்டைக்குப் போய்விட்டார். எனக்கு முட்டை காதில் விழவில்லை.

இடைவேளையில் அவரிடம் போய்க் கேட்டேன். அக்கா என்று சொல்லவில்லை, ஒரு பெண் என்றேன். தேத்தண்ணியால்தான் என்று சொல்லிவிட முடியாது, நல்ல இரத்தம் உள்ளவர்களுக்கும் அப்படி நடப்பதுண்டு என்றார் பொறுமையாக. அது சரிதான். ஆனால் அக்கா குளிசையை வீசவில்லை. அதை அந்த மிட்வைஃப் நோனாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் மாற்றலாகிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

அக்கா போன அன்றைக்குப் பிறந்தவள் எங்களோடுதான் வளர்கிறாள். போன வருஷம் சமைந்துவிட்டாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது. நேற்று அவளை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். பார்த்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம்தான். கிளினிக்குக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அதோடு சமையலையும் திரும்பத் தொடங்கிவிட்டேன்: பருப்பு முதலில், அது கொதிக்கிற நேரத்துக்குள் கீரை, கடைசியில் தேசிக்காய்.

தேத்தண்ணி பிறகுதான் என்றதும் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "சாயம் இல்லாம கீர எப்புடி சித்தி எறங்கும்?" அம்மா அடுப்படியிலிருந்து அவளுக்கே பரிந்து பேசினாள். கீரை குளுமை, பிள்ளைக்குச் சளி கட்டும் என்றாள். அம்மாவுக்கு நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. சொல்வதா என்றும் தெரியவில்லை.

நாளை சனிக்கிழமை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போய் உட்காரப் போகிறேன். என்னைத் தேடி அவள் வரட்டும், திட்டட்டும். தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணீராகும்வரை நான் எழுந்திருக்கப் போவதில்லை. போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலை ஏறிய அந்தச் சிறுமிக்கு, ஓடாமல் இருப்பதும் ஒரு வைத்தியம் என்று தெரியாது.