கல்வராயன் அடிவாரத்தில் நான் செத்துப்போன காலை

போன தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அறுபத்திரண்டு வயதும் ஒன்றரை முழங்காலும் உடைய நான், கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை மீது ஒரு படையெடுப்பு நடத்தினேன். படை என்றால் இரண்டு பேர். தளபதி நான். மற்றவன் என் சிநேகிதன் ஆரோக்கியம். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்த வாரம் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு ஒரேயடியாகப் போகிறான். அதற்குள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நான் கேட்காமல் வைத்திருந்த காலத்தில் கோமுகி அணை எத்தனையோ முறை நிரம்பி வடிந்துவிட்டது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிற கேள்வியும் இல்லை அது. அது பிறந்த இடத்திலேயே வைத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

கேள்வி இதுதான்: நான் செத்தபோது அவன் அழுதானே, அது நிஜமா?

பதறாதீர்கள். இதை எழுதுவது ஆவி இல்லை. முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், செத்த கதை வழியிலேயே வரும்.

காலை 6.40க்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பேருந்து. ஆறேகாலுக்கே போய்விட்டால் இடப்பக்க ஜன்னல் கிடைக்கும். கச்சிராயபாளையம் வரை பதினான்கு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கரும்பு. அதற்குப் பிறகு அணை, அதற்குப் பிறகு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து தன் வாலைத் தானே பார்த்துக்கொள்ளும். என் வயிறும் அப்படியே.

நடத்துநர் சீட்டு கிழித்தபடி கேட்டார். "இன்னா பெரியவரே, சுத்திப் பாக்கவா, சொந்தக்காரங்க வூடா?"

"நான் செத்த இடத்தைப் பாக்கப் போறேம்ப்பா."

அவர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் இருக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். வெள்ளிமலை வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"வயசானாலும் வாய் கம்மியாவல உனக்கு" என்றான் ஆரோக்கியம்.

இனி அந்தக் காலத்துக்குப் போகலாம். எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எங்கள் வட்டாரத்தில் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். நாள்கணக்கில் பேருந்து இல்லை, லாரி இல்லை. நானும் ஆரோக்கியமும் அப்போது மலைமேல் கரியாலூரில், கள்ளக்குறிச்சி மண்டிக்காரர் ஒருவருக்காகக் கடுக்காய் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தோம். மறியல் தொடங்குமுன் மலையேறிய கடைசிப் பேருந்தில் எங்களுக்கு இரண்டு கார்டுகள் வந்து சேர்ந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் நேர்முகக் கார்டு. அரசு அலுவலகத்தில் கிடங்கு உதவியாளர் வேலை. இடம் ஒன்று, கூப்பிட்ட பலரில் நாங்கள் இருவர். கள்ளக்குறிச்சியில், மதியம் இரண்டு மணிக்கு. கீழே மரத்தைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதும் படிப்பும் வேலையும்தான். மேலே நாங்கள் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்ததும் அதுதான்.

யாருக்குக் கிடைத்தாலும் மற்றவன் வருத்தப்படக் கூடாது என்று டீ கிளாஸ் மீது சத்தியம் செய்துகொண்டோம். வேலை எனக்குத்தான் என்று எனக்குள் முடிவாகியிருந்ததால் சத்தியம் செய்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அந்நாளில் என்னைவிடச் சுயநலக்காரனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பந்தியில் பக்கத்து இலை அப்பளம் என் கைக்குத் தானாக நடந்து வரும்.

நேர்முகத்தன்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிக் குறுக்குத் தடத்தில் இறங்கினோம். புலி, சிங்கம், யானை எல்லாவற்றையும் சமாளித்தோம் என்று எழுதத்தான் ஆசை. எதிரே வந்தது ஒரு ஆடு. ஒன்பது மணிக்கு அடிவாரம். அங்கே கோவிந்தன் என்ற வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய வுட மாட்டாங்கப்பா. சாவுன்னாதான் வுடுறாங்க. நேத்து ஒரு பொணம் வந்துச்சு, அவுங்களே கைகுடுத்து அந்தாண்ட ஏத்தி வுட்டாங்க."

நானும் ஆரோக்கியமும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"யார்ரா சாவறது?" என்றேன்.

"நீதான். எனக்கு அழ வரும்" என்றான்.

அது உண்மை. முந்தின வருஷம்தான் அவன் அப்பா தவறியிருந்தார். எனக்கோ அழ முயன்றால் சிரிப்புதான் வரும். கோவிந்தன் உற்சாகமாகிவிட்டார். தன் துண்டால் என் தாடையைச் சேர்த்துக் கட்டினார், வைக்கோல் பிரியால் கால் கட்டைவிரல்களைப் பிணைத்தார், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார். "காசு எனுதுப்பா, மறந்துடாத" என்றார் பிணத்திடம்.

அணைக்கு இந்தப் பக்கம், சாலை கொஞ்சம் வளையும் இடத்தில், முதல் மரம் கிடந்தது. வண்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். இனி எல்லாம் காதுக்கு மட்டுமே.

"இன்னா வண்டி?"

"சாவுங்க. கச்சிராயபாளையத்துப் புள்ள. மலைல ஜுரம் கண்டு பூட்டான்."

"அடப் பாவமே. பேரு இன்னா?"

"தணிகாசலம்" என்று ஆரோக்கியம் விம்மினான்.

அந்தப் பேர் அதோடு சரி. அதன்பின் ஐந்து நிமிஷத்துக்குள் நான் யார் என்பது ஊரறிய மாறிவிட்டது. "பொணத்த எறக்கி வைங்க." "பொணத்துத் தலைய இப்படித் திருப்பு." "வண்டிய கழனில எறக்கி ஏத்தலாம், பொணம் அதுவரைக்கும் நெழல்ல கெடக்கட்டும்." தூக்கியவர்களில் ஒருவர் முனகினார்: "இன்னாடா இது, உசுரு போயும் இவ்ளோ கனம்!"

உள்ளே இருந்து அழியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நான் என்று சொல்லும் தத்துவம் உண்டு. மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையை வாங்கித்தான் நாம் நம்மைக் கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லும் உளவியலும் உண்டு. இரண்டையும் பிற்காலத்தில் என் பூச்சிமருந்துக் கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் படித்தேன். ஆனால் இரண்டுக்குமான செய்முறைத் தேர்வை அன்றே எழுதிவிட்டேன். படுத்திருந்தது பிணம் என்று உலகம் சொல்லிவிட்டது. உள்ளே ஒருத்தன் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் மரத்துச் செவ்வெறும்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு. ஏழாவது இடது காதுக்குள் போனது. அசையவில்லை. ஆயிரம் வருஷம் தவமிருந்த முனிவர்கள்கூட அந்த எறும்புக்கு எழுந்து ஓடியிருப்பார்கள்.

அப்போதுதான் ஆரோக்கியம் என் பக்கத்தில் மண்டியிட்டு அழத் தொடங்கினான்.

"தனக்குன்னு ஒண்ணு வெச்சிக்கத் தெரியாதவனே! கைல இருக்கறத எடுத்து அடுத்தவனுக்குக் குடுத்துட்டு வெறுங்கையா சிரிச்சிக்கினு நிப்பியே! ஏசப்பா, இவன எதுக்கு எடுத்துக்கின? இன்னொருத்தன் இப்படி வருவானா?"

கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். என் நெற்றியில், காசுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. எறும்பை மறந்துவிட்டேன். என்னைப் பற்றி இப்படியும் ஒருத்தன் நினைத்துக்கொண்டிருக்கிறானா? அப்பளம் திருடிய என்னைப் பற்றியா?

வண்டியைக் கழனியில் இறக்கி அந்தப் பக்கம் ஏற்றிக் கொடுத்தார்கள். என்னையும் ஏற்றினார்கள். ஒருவர் தன் கழுத்துத் துண்டை எடுத்து என் மேல் போர்த்திவிட்டார். இன்றுவரை அவருக்கு நான் ஒரு துண்டு பாக்கி.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே ஒரு கரும்புக் கொல்லையின் மறைவில் உயிர்த்தெழுந்தபோது மணி 10.45. வாடகை சைக்கிள் கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். கேரியர் கிடையாது.

"டபுள்ஸ் போனா வண்டி இல்ல. வழியில மரம் மரமா தூக்கித் தாண்டணும், வளைச்சி வெச்சிடுவீங்க" என்றார் கடைக்காரர்.

சைக்கிளில் போனால் ஒரு மணிக்குள் கள்ளக்குறிச்சி. நடந்தால் இரண்டைத் தாண்டிவிடும். என் கை ஏற்கெனவே ஹேண்டில்பாரில் இருந்தது. எப்படியும் நான் முந்திக்கொள்வது என்பது மலையிலிருந்தே போட்டு வைத்த திட்டம். ஆனால் காதில் அந்த வார்த்தைகள் எறும்பைவிட ஆழமாகப் போயிருந்தன. தனக்குன்னு ஒண்ணு வெச்சிக்கத் தெரியாதவனே. இப்போது நான் ஏறி மிதித்தால் அந்த அழுகை பொய்யாகிவிடுமே!

"நீ போடா" என்றேன்.

ஆரோக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ஏறிப் போய்விட்டான். நான் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலை அவனுக்குக் கிடைத்தது. எனக்குப் பூச்சிமருந்துக் கடை.

அதன்பின் நான் அந்த அழுகைக்கு ஏற்ற ஆளாகவே வாழ்ந்து தொலைத்தேன். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. என் வீட்டம்மா என்னை இளிச்சவாயன் என்பாள். நான் மனசுக்குள், என் சாவில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியாதடி என்பேன்.

சரி, வெள்ளிமலை. 8.50க்கு இறங்கினோம். கடைவீதியில் இட்லி, டீ, இருவருக்கும் சேர்த்து 110 ரூபாய். கரியாலூர் வரை நடந்தோம். எடை போட்ட கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கோபுரம். ஆரோக்கியம் அதன் அடியில் நின்று, "இங்கதான் உன் தராசு ஒரு பக்கமா சாயும்" என்று என் பழைய பாவங்களை வரிசையாகச் சொன்னான். சிரித்துச் சிரித்து என் நல்ல முழங்காலும் வலித்தது.

மதியப் பேருந்தில் மலையிலிருந்து திரும்பி, இரண்டேகாலுக்கு அணை நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டோம். சாலை வளையும் இடம் பத்து நிமிஷ நடை. மரம் இல்லை. அகலப்படுத்திய தார்ச்சாலையும் ஒரு கிலோமீட்டர் கல்லும் இருந்தன. கல்மேல் உட்கார்ந்து கேட்டேன்.

"டேய், அன்னிக்கு அழுதியே. என்னை நெனச்சா அழுத?"

அவன் அணைப் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"எங்கம்மா எங்கப்பனுக்கு அழுதது அது. வார்த்த மாத்தாம அப்படியே அழுதேன். வேற இன்னா அழறதுன்னு தெரியல."

"கண்ணீர்?"

"அப்பன நெனச்சிதான் வந்துச்சு."

அவனே தொடர்ந்தான். "எங்கப்பனும் ஒண்ணும் அப்படிப்பட்ட ஆளு இல்லடா. பீடிக்கட்டக் கூட ஒளிச்சி வெச்சிதான் குடிப்பாரு. செத்தவங்களுக்கு அப்படி அழறதுதான்."

"அதைக் கேட்டுட்டுத்தான்டா நான் சைக்கிளக் குடுத்தேன்."

ஆரோக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கா குடுத்த? கால்ல வலி, அதான் குடுத்தன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." பிறகு, "இப்ப சைக்கிளத் திருப்பிக் கேப்பியா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை அது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

யாரோ ஒரு பீடி ஒளித்த மனிதருக்காக அவர் மனைவி அழுத அழுகையை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டியிருக்கிறேன். உடனே அந்தக் கல்மேல் எழுந்து நின்று பிரகடனம் செய்தேன்: இன்று முதல் தணிகாசலம் பழையபடி சுயநலக்காரன், நற்குணப் பதவியிலிருந்து ராஜினாமா. சாலையில் போன ஒரு டிராக்டர்காரர் மட்டும் கேட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் சில யோசனைகள். மழை முடிந்த மார்கழி, தையில் போங்கள். மலையில் காலைக் குளிர் ஜாஸ்தி, ஒரு போர்வை வேண்டும். வளைவுகளில் வயிறு புரட்டுபவர்கள் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். சாயங்காலம் பேருந்து கம்மி, அணை நிறுத்தத்துக்கு நாலரைக்கு வருவதை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கூடவே பழைய சிநேகிதனை அழைத்துப் போங்கள். ஆனால் பழைய கேள்விகளைக் கொண்டுபோவது அவரவர் துணிச்சல்.

அந்த நாலரைப் பேருந்து நாலு ஐம்பதுக்கு வந்தது. நிரம்பி வழிந்தது. ஒருவர் இறங்கியதில் நடுவில் ஒரே ஒரு இருக்கை காலியானது. ராஜினாமா செய்த வேகத்தில் ஆரோக்கியத்தைத் தள்ளிவிட்டு நான் பாய்ந்து உட்கார்ந்தேன். ஆஹா, சுயநலம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது! கச்சிராயபாளையத்தில் காலில் கட்டுப் போட்ட கரும்பு வெட்டுகிற ஆள் ஒருவர் நொண்டியபடி ஏறினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தீவிரமாகப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மேல்கம்பியைப் பிடித்தபடி ஆரோக்கியம் என் காதருகே குனிந்தான்.

"இப்ப நான் அழவே இல்லியேடா. நீ இன்னாத்துக்கு எழுந்த?"